கடன் கொப்பியில் இருக்கிறது எங்கள் ஊர்

கடந்த வருடம் நோன்புக்குக் கொஞ்சம் முன், நான் கணிதம் படிப்பிக்கும் வகுப்பில் ஒரு மாணவி தொடர்ந்து பிந்தி வந்தாள். வீடு தூரமில்லை. நேர் வீதியால் வந்தால் பத்து நிமிட நடை. மூன்றாவது நாள் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கடையடியால வர ஏலா டீச்சர். காக்கா உம்மாட கணக்கக் கேப்பாரு. கடற்கரை றோட்டால சுத்தி வாறன்" என்றாள்.

அந்தக் கடைக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளையை வழிமறித்துக் கடன் கேட்கும் மனிதரல்ல அவர். ஆனால் கேட்டுவிடுவாரோ என்ற பயமே அந்தப் பிள்ளையை ஊரைச் சுற்ற வைத்திருக்கிறது. அன்று என்னால் அவளிடம் அதிகம் கதைக்க முடியவில்லை. காரணம், அதே கொப்பியில் எனக்கும் ஒரு பக்கம் இருந்தது.

நாட்டின் நெருக்கடி பற்றி விபரம் தெரிந்தவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். டொலர், வெளிநாட்டுக் கடன், சர்வதேச நாணய நிதியம் என்று அது நீளும். நான் பொருளியல் படித்தவளல்ல. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள். ஆனால் அந்த நெருக்கடி எங்கள் ஊருக்குள் எந்த வழியால் வந்தது, ஏன் இன்னும் போகவில்லை என்பதை விளங்கிக்கொள்ள சில்லறைக் கடையின் கடன் கொப்பியைப் பார்த்தாலே போதும் என்று நினைக்கிறேன்.

கிழக்குக் கரையோர ஊர்களில் கடன் கொப்பி இல்லாத கடை குறைவு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். அரை கிலோ சீனி, கால் கிலோ பருப்பு, ஒரு சவர்க்காரம் என்று எழுதி வருவார்கள். வட்டி இல்லை, பிணை இல்லை, கையொப்பமும் இல்லை. மேசனுக்குக் கிழமைக் கூலி கிடைத்ததும் கட்டுவார். மீனவர் கடல் வாய்த்தால் கட்டுவார். வயல் செய்பவர் வெள்ளாமை வெட்டியதும் மொத்தமாகக் கட்டுவார். எங்களைப் போன்றவர்கள் சம்பளத்தன்று கட்டுவோம். வங்கி வாசலை மிதிக்காத குடும்பங்களுக்கு இந்தக் கொப்பிதான் வங்கி.

கடைக்காரரும் கடனில்தான் சாமான் எடுப்பார். கொம்பனி வேன் வந்து சாமானை இறக்கிவிட்டுப் போகும். சில கிழமைகள் கழித்து அவர் காசைக் கொடுப்பார், அல்லது திகதி தள்ளிப் போட்ட காசோலையைக் கொடுப்பார். அந்த இடைவெளிக்குள் நாங்கள் எங்கள் கணக்கைக் கட்டிவிடுவோம். இப்படித்தான் பல காலமாக ஒருவரை ஒருவர் தாங்கி வந்தோம்.

இந்தச் சங்கிலி இரண்டு இடங்களில் அறுந்தது. முதலாவது, வயல். 2021 மே மாதம் இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. 2022இன் ஆரம்பத்தில் அறுவடை விழுந்தபோது விவசாயியின் கையில் காசில்லை. அவரிடம் வேலை செய்த கூலியாளின் கையிலும் இல்லை. வெள்ளாமை வெட்டிக் கட்டுவதாகச் சொன்ன பக்கங்கள் அப்படியே நின்றன.

இரண்டாவது, கொழும்பு. டொலர் இல்லாமல் இறக்குமதி இறுகியது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. மொத்த வியாபாரிகள் கடனுக்குச் சாமான் கொடுப்பதை நிறுத்தினார்கள். காசைக் கையில் வைத்தால்தான் சாமான் இறங்கும் என்றார்கள். காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை. அதாவது, கடைக்காரருக்கு மேலே கடன் நின்றுவிட்டது. ஆனால் கீழே இருந்த எங்களுக்கு அவர் கடன் கொடுப்பதை நிறுத்தவில்லை. நோன்பு காலத்தில் கஞ்சிக்கு அரிசி கேட்டு வரும் பிள்ளையை எப்படித் திருப்பி அனுப்புவது?

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. வகுப்பில் ஒருநாள் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். கடைக்காரர் 100,000 ரூபாவுக்குச் சாமான் வாங்கி, 110,000 ரூபாவுக்குக் கடனாக விற்கிறார் என்று வையுங்கள். மூன்று மாதத்தில் எல்லோரும் ஒரு சதம் குறையாமல் கட்டிவிடுகிறார்கள். ஆனால் அதே சாமானை மீண்டும் வாங்க அவருக்கு இப்போது 150,000 ரூபா வேண்டும். யாரும் ஏமாற்றவில்லை. இருந்தும் 40,000 ரூபாவுக்கான சாமான் இறாக்கையில் இல்லை. பிள்ளைகள் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். ஒருவன் மட்டும், "அப்ப கடன ஒழுங்காக் கட்டினாலும் காக்காக்கு நட்டம்தானே டீச்சர்?" என்று கேட்டான். ஆம், அதுதான் விடை.

இது கற்பனைக் கணக்கு என்றாலும் உண்மை விலைகள் இதைவிட மோசமாகத்தான் ஏறின. 2021 ஒக்டோபருக்கு முன் 1,500 ரூபாவுக்குச் சற்றுக் குறைவாக இருந்த 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர், 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாவானது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது, ஒரு வருடத்துக்கு முன் 1,000 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு 1,949 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது.

பிறகு பெற்றோல் வரிசை இல்லாமல் போனது. பதின்மூன்று மணித்தியால மின்வெட்டும் இல்லாமல் போனது. 2023 செப்டம்பரில் மொத்தப் பணவீக்கம் 1.3 வீதத்துக்கு இறங்கியது. அதைக் கேட்டு, "டீச்சர், சாமான் விலை இறங்கிட்டாமே" என்று பெற்றோர் என்னிடம் கேட்டார்கள். பணவீக்கம் குறைவதென்றால் விலை குறைவதல்ல, ஏறும் வேகம் குறைவது. மாடிக்கு ஓடி ஏறியவர் அப்போது மெதுவாக ஏறினார். கீழே இறங்கவில்லை. கூலியும் சம்பளமும் கீழ்ப் படியிலேயே நின்றன. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக்கப்பட்டபோது இன்னும் ஒரு படி கூடியது. வரிசைகள் போய்விட்டன, கொப்பியில் இருக்கும் பழைய பாக்கி போகவில்லை.

இனி என் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்பளம் வங்கிக்கு வந்த அன்றே நகரத்துச் சுப்பர் மார்க்கட்டுக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். அங்கே விலைக்கழிவு உண்டு, சுத்தமாக இருக்கும், அட்டையால் கட்டலாம். பதினைந்து நாளில் காசு முடிந்ததும் ஊர்க் கடைக்கு மகனிடம் துண்டு எழுதி அனுப்புவேன். இதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. கடனைக் கட்டத்தானே செய்கிறேன்?

ஒருநாள் கணக்கு முடிக்கப் போனபோது கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கடன் எடுங்க டீச்சர், பரவால்ல. ஆனா காசிருக்கிற நேரமும் ரெண்டு சாமான் இங்க எடுங்க." அவர் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. ஆனாலும் வீடு வரும்வரை அந்தச் சொல் என்னுடன் வந்தது. எங்கள் காசு நகரத்துக்குப் போனது, எங்கள் கடன் மட்டும் அவரிடம் போனது. அவர் மற்ற ஏழைக் குடும்பங்களுக்குக் கடன் கொடுக்க, எங்களைப் போல மாதச் சம்பளம் உள்ளவர்களின் கைக்காசு வேண்டும். அதை நாங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டோம். அந்த மாணவி ஊரைச் சுற்றி நடந்ததில் எனக்கும் பங்குண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கொப்பியில் எங்கள் பெயர்கள் மட்டுமில்லை. பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பெண்களின் பெயர்களும் உண்டு. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அவர்களில் பலர் வருவதை நிறுத்தியிருந்தார்கள். நெருக்கடி வந்தபோது ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை, பழைய பக்கத்தைத் தேடி எடுத்துத் திகதி போட்டார். எத்தனையோ சகவாழ்வுக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். இதற்கு நிகரான ஒன்றை அங்கே நான் காணவில்லை.

அல்குர்ஆனில் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? சூரதுல் பகராவின் 282ஆவது வசனம் அது. கடனை எழுதிக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன், கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படியும், விட்டுக்கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்றும் சொல்லப்படுகிறது. ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடன்பட்டவர்களும் ஒரு கூட்டம். இதெல்லாம் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் ரமழான் வந்தால் நாம் கொடுப்பது உலர் உணவுப் பொதி, தையல் இயந்திரம். இரண்டும் தேவைதான். ஆனால் பொதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் தாயும் கடையடியால் போக முடியாமல் சுற்றுப் பாதையால்தான் போகிறாள்.

கடந்த நோன்பில் எங்கள் பாடசாலை ஆசிரியைகள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறு முயற்சி செய்தோம். மூன்று மாதத்துக்கு மேல் நின்றுபோன பக்கங்கள் எத்தனை, மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கடைக்காரரிடம் கேட்டோம். பெயர் கேட்கவில்லை. அவரே அந்தக் குடும்பங்களிடம் போய், ஒருவர் உதவ விரும்புகிறார், சம்மதமா என்று கேட்டார். சம்மதித்தவர்களின் பாக்கியை எங்களால் முடிந்த அளவு கட்டினோம். ஏழு பக்கங்கள்தான். ஒரு தாய் பாதியைத்தான் ஏற்றுக்கொண்டாராம். "மிச்சத்த நான் கிழமைக்கு இருநூறு இருநூறாக் கட்டுவன்" என்று சொல்லியிருக்கிறார். சொன்னபடியே கட்டி முடித்தார் என்று பிறகு அறிந்தேன்.

இதைப் பள்ளிவாசல் மட்டத்தில் செய்தால் ஏழு பக்கம் எழுபதாகும். நிருவாக சபையினருக்கு என் பணிவான வேண்டுகோள் மூன்று. முதலாவது, இவ்வருட ஸகாத்தில் ஒரு பகுதியைக் கடைக் கடனுக்கு ஒதுக்குங்கள். கடனாளியின் சம்மதம், கடைக்காரருக்கு நேரடியாகக் கொடுப்பது, கடைக்காரர் தனக்கு வரவேண்டியதைத் தள்ளிவிட்டு அதைத் தன் ஸகாத்தாகக் கணக்கிடலாமா என்பன பற்றி உலமாக்களிடம் முதலில் கேளுங்கள். ஸகாத்துக்குள் வராதவர்களுக்கும், பிற சமூகத்துச் சகோதரிகளுக்கும் ஸதகாவிலிருந்து கொடுக்கலாம். இரண்டாவது, விசாரிக்கும் பொறுப்பில் பெண்களையும் சேருங்கள். எந்த வீட்டில் எவ்வளவு கடன் என்பது அந்த வீட்டு ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் தெரியும், ஆனால் அவர்கள் பள்ளிவாசல் அறைக்கு வந்து அதைச் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது, புகைப்படம் வேண்டாம்.

சம்பளம் எடுக்கும் எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மாதத்தின் முதல் சாமானை ஊர்க் கடையில் காசு கொடுத்து வாங்குவோம். ஐந்தோ பத்தோ ரூபா கூடலாம், அது வீண்போவதில்லை. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். எங்கள் வீதியின் மறு முனையில் இருந்த கடையில் முதலில் "கடன் இல்லை" என்று எழுதித் தொங்கவிட்டார்கள். சில மாதங்களில் அந்தக் கடையே பூட்டப்பட்டது. மீதமுள்ள ஒன்றும் பூட்டப்பட்டால் அந்த ஏழைத் தாய்மார்களுக்குப் போக இடமில்லை. சுப்பர் மார்க்கட்டில் கொப்பி கிடையாது.

அந்த மாணவி இப்போது அடுத்த வகுப்பில் இருக்கிறாள். நேர் வீதியால் வருகிறாளா என்று நான் கேட்கவில்லை. மணி அடிக்கும்போது வகுப்பில் இருக்கிறாள்.

அல்லாஹ் நம் அனைவரின் கடன்களையும் இலேசாக்குவானாக.