குளமில்லா அருவி: அமைப்பும் பராமரிப்பும்

ஜஹாங்கீர் காலத்தில், 1619ஆம் ஆண்டில், ஸ்ரீநகரில் தொடங்கப்பெற்ற ஷாலிமார் தோட்டத்திலும், அதற்குப் பின்னர் தால் ஏரிக்கரையில் எழுந்த நிஷாத் தோட்டத்திலும் நீர் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்குச் சாய்வான கற்பலகைகளின்மீது இறங்கி வருகின்றது. இப்பலகைக்குச் 'சாதர்' என்று பெயர். விரிப்பு என்பது அதன் பொருள். பலகையில் செதுக்கப்பட்டுள்ள மேடுபள்ளங்கள் மெல்லிய நீர்ப்படலத்தை உடைத்து நுரைக்கச் செய்கின்றன. சிறிதளவு நீர் பெரும் அருவிபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஆயினும், அத்தோட்டங்களுக்கு மலையோடை உண்டு. வந்த நீர் ஏரியில் கலந்துவிடும்; அதைத் திரும்பக் கொணர வேண்டிய தேவை எழுவதில்லை.

சமவெளியிலுள்ள பள்ளிக்கூடத்துக்கோ சுகாதார நிலையத்துக்கோ ஓடை ஏது? விழுந்த நீரையே மீண்டும் மேலேற்றியாக வேண்டும். வழக்கமான முறை, அருவியின் அடியில் ஒரு சிறு குளம் வெட்டி, அதில் பம்பை வைப்பது. நம் நாட்டில் இதற்கு இரு தடைகள் உள்ளன. முதலாவது கொசு. டெங்குவைப் பரப்பும் 'ஈடிஸ் எஜிப்டி' கொசுவும், நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் 'அனாபிலிஸ் ஸ்டீபென்சி' கொசுவும் தெளிந்த நன்னீரையே நாடுபவை. வெப்பமான பருவத்தில் இவை முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏழு முதல் பத்து நாட்களே போதும். இரண்டாவது, சிறு குழந்தைகளின் உயிர். முழங்கால் ஆழம் வேண்டியதில்லை. சில அங்குல நீரிலும் ஒரு பச்சிளங்குழந்தை மூழ்கிவிடக்கூடும்.

இவ்விரண்டையும் எண்ணிப் பார்க்கையில், குளத்தைத் தரைக்கு அடியில் மறைத்துவிடும் முறை சிறந்ததாகத் தோன்றுகின்றது. அருவியின் அடியில் ஒரு குழி தோண்டி, நீர் கசியாத விரிப்பை அதில் இட்டு, குழி நிறையச் சரளைக்கல்லைக் கொட்டுவர். நீர் கற்களின் இடைவெளியில் தங்கும். குழியின் ஒரு மூலையில், துளையிட்ட சுவருடைய கூண்டினுள் பம்பு இருக்கும். மேலே காண்பது கூழாங்கற்பரப்பு ஒன்றே; விழும் நீர் அதனுள் புகுந்து மறைந்துவிடும். ஆனால் குளம் கண்ணுக்குப் புலப்படவில்லையே தவிர, இல்லாமற் போய்விடவில்லை. காணாத நீரை மறந்துவிடுவது எளிது. இவ்வகை அருவிகளிற் பல, ஓராண்டுக்குள் வறண்ட கற்குவியலாகிவிடுவது இம்மறதியால்தான்.

ஆகவே, வேலையைக் குழியின் கணக்கிலிருந்தே தொடங்குதல் வேண்டும். ஒரே அளவான 20 முதல் 40 மில்லிமீட்டர் வரையுள்ள கழுவிய சரளையில் இடைவெளி ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்காகும். இதை ஆசிரியர்கள் வகுப்பிலேயே மெய்ப்பித்துக் காட்டலாம்: பத்து லிட்டர் வாளியைச் சரளையால் நிரப்பி, அளந்த நீரை விளிம்பு வரை ஊற்றினால் சுமார் நான்கு லிட்டரே கொள்ளும். மணலும் தூளும் கலந்த ஜல்லியானால் இன்னும் குறையும். இனி, 1.5 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். வெறுங்குழியின் கொள்ளளவு 1,080 லிட்டர். சரளை நிரப்பி, மேல் 10 சென்டிமீட்டரை நீரின்றி உலர்வாக விட்டால், அதில் நிற்பது 360 லிட்டர் மட்டுமே.

பம்பு ஓடத் தொடங்கியதும் இதிலும் ஒரு பகுதி மேலே போய்விடும். மேல்தொட்டி, குழாய், மூன்று மீட்டர் நீளமான ஓடைப்பாதை ஆகியவற்றில் எப்பொழுதும் 80 லிட்டர் அளவு நடமாடிக்கொண்டிருக்கும். பம்பு காற்றை உறிஞ்சாதிருக்க அடியில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் வேண்டும். அது சுமார் 110 லிட்டர். எஞ்சிய 170 லிட்டரே கையிருப்பு. வட இந்தியாவின் வறண்ட பகுதிகளில் மே, ஜூன் மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பு நாளொன்றுக்கு 10 மில்லிமீட்டர் அளவும் அதற்கு மேலும் ஆவியாகும். மூன்று மீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஓடை பகல் இரவு ஓடினால், இக்கணக்கின்படி நாளொன்றுக்கு 12 லிட்டர் போய்விடும். காற்றில் சிதறித் தெறிப்பது வேறு. எனவே, வாரம் ஒருமுறை நீர் ஊற்ற ஆளில்லாத இடத்தில் இதைவிடச் சிறிய குழி வெட்டுதல் வீண்வேலை.

அடுத்தது நீரோட்டத்தின் அளவு. ஏரிக் கலிங்கின்மேல் வழியும் வெள்ளத்தைக் கணக்கிடும் விதியே இங்கும் பொருந்தும்: படலத்தின் உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஏறக்குறைய 2.8 மடங்காகும். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள விளிம்புக்கல்லின்மேல் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நீர் வழிய, மணிக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்கு 5,600 லிட்டர். மணிக்கு 4,000 லிட்டர் என்பது நடுத்தரமானது. 60 சென்டிமீட்டர் அகலமான விளிம்பிலும் அது ஒரு சென்டிமீட்டர் படலத்தைத் தரும். இத்தகைய மெல்லிய படலத்துக்கு விளிம்புக்கல் ரசமட்டத்தில் சரியாக நிற்கவேண்டும். ஒரு முனை ஒரு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் அப்பக்கம் முழுவதும் உலர்ந்துபோகும். கல்லுக்கும் விரிப்புக்கும் இடையேயுள்ள சந்துகளைக் காரையிட்டு அடைக்கத் தவறினால், நீர் கல்லின்மேல் ஓடாது அடியில் ஓடும்.

பம்பு வாங்கும்போது பெட்டியின்மீது அச்சிட்டுள்ள எண்ணை அப்படியே நம்புதல் கூடாது. அது நீரை உயர்த்தாத நிலையில் கிடைக்கும் ஓட்டம். விளிம்பு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்திலும், பம்பு ஓடும்போது குழியின் நீர்மட்டம் தரைக்கு 20 சென்டிமீட்டர் கீழேயும் இருப்பின், உயர்த்தவேண்டிய அளவு 1.2 மீட்டர். அதனுடன் குழாயின் உராய்வையும் சேர்க்கவேண்டும். இங்கேதான் சிக்கனம் நட்டமாக முடிகின்றது. மணிக்கு 4,000 லிட்டர் நீர் 25 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் ஐந்து மீட்டர் செல்ல, உராய்வு மட்டும் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்குச் சமமாகும். 40 மில்லிமீட்டர் குழாயிலோ அதில் பத்தில் ஒரு பங்குதான். பெரிய குழாயின் அதிக விலை மின்செலவில் திரும்பிவிடும். இவ்வளவு வேலைக்கு 60 முதல் 80 வாட் வரையுள்ள நீர்மூழ்கிப் பம்பு போதியது. அமைத்த பின்னர், பத்து லிட்டர் வாளியை விளிம்பின் கீழ்ப்பிடித்துப் பார்க்கலாம். ஒன்பது விநாடியில் நிறைந்தால் ஓட்டம் மணிக்கு 4,000 லிட்டர்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல்லில் முடித்துவிட இயலாது. குழந்தைகள் கை நனைக்கும் நீரில் மின்கம்பி செல்கின்றது. 12 அல்லது 24 வோல்ட்டில் இயங்கும் பம்பே பள்ளிக்கு உகந்தது; அதன் மாற்றி உலர்ந்த இடத்தில், நீரிலிருந்து விலகி இருத்தல் வேண்டும். 230 வோல்ட் பம்பே கிடைக்குமாயின், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தை நிறுத்திவிடும் துண்டிப்பானும் நல்ல எர்த் இணைப்பும் இன்றி அதை இயக்குதல் ஆகாது. துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும்.

விரிப்பைப் பொறுத்தவரை, பண்ணைக் குட்டைகளுக்கு இடும் 500 மைக்ரான் பாலிதீன் விரிப்பு இதற்கும் ஏற்றது. தடித்த ரப்பர் விரிப்பு கிடைத்தால் இன்னும் நன்று. அடியில் ஐந்து சென்டிமீட்டர் மணலும், அதன்மேல் பழைய சாக்கும் பரப்பினால் கூர்கல் குத்தாது. வெறும் சிமென்டுப் பூச்சை நம்புவோரும் உளர். மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் போன்ற கரிசல் மண் பகுதிகளில் அது நிலைக்காது. மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும் அம்மண் பூச்சைப் பிளந்துவிடும். விரிப்பின் ஓரம் நீர்மட்டத்துக்கு மேலே மடித்து மேடாக நிற்கட்டும்.

நீர் குறைகின்றது என்றவுடன் விரிப்பு கிழிந்துவிட்டதாக எண்ணிக் கற்களைப் பிடுங்குவது பெருந்தவறு. பம்பை நிறுத்திக் கூண்டினுள் நீர்மட்டத்தை ஒரு கோலில் குறித்து, ஒரு நாள் கழித்துப் பார்க்கவேண்டும். மட்டம் மாறாதிருந்தால் குழி பழுதற்றது. கசிவு ஓடைப்பாதையில் உள்ளது. அதுவும் பெரும்பாலும் கிழிசலாக இராது. மண் அமிழ்ந்து ஓரம் தாழ்ந்த இடமாகவோ, உதிர்ந்த இலைகள் அடைத்து நீர் பக்கவாட்டில் வழியும் இடமாகவோ இருக்கும்.

கொசுவுக்கு வருவோம். குளம் இல்லை என்ற ஒன்றினாலேயே கொசு வராமற் போய்விடாது. மேற்பரப்பில் பெருங்கற்களை மட்டும் அடுக்கினால் அவற்றின் இடுக்குவழியே கொசு உள்ளே சென்று முட்டையிடும். ஆதலின், நீர்மட்டத்துக்கு மேல் பத்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் சிறுசரளை இருத்தல் வேண்டும். கூண்டின் மூடி இறுக மூடி, கம்பி நுழையும் துளை பஞ்சாலோ வலையாலோ அடைக்கப்பட வேண்டும். பம்பு நிற்கும்போது மேல்தொட்டியிலும் பாறைக் குழிவுகளிலும் நீர் தேங்குவதே மற்றோர் ஆபத்து. குழாய் மேல்தொட்டியின் அடியில் நுழையுமாறு வைத்து, குழாயில் தடுப்பு வால்வு பொருத்தாமல் விட்டால், பம்பு நின்றதும் தொட்டி நீர் தானே குழிக்குத் திரும்பிவிடும். குழிவுகளைக் காரையால் நிரப்பிச் சாய்வாக்கிவிடலாம். இத்தனைக்குப் பிறகும் வாரம் ஒருநாள் மூடியைத் திறந்து, ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் நீரை முகந்து புழு உண்டா எனப் பார்ப்பது களப்பணியாளரின் கடமையாதல் நலம்.

பாசி வெயிலால் வருவது. விறைப்பான தூரிகையால் தேய்ப்பதே தக்க வழி. மயில்துத்தம் போடும் வழக்கம் உண்டு. பறவைகளும் நாய்களும் குடிக்கும் நீரில் அதை இடலாகாது. கற்களில் படியும் வெண்மை வேறு வகை. நீர் மட்டுமே ஆவியாகின்றது, உப்பு தங்கிவிடுகின்றது. மேற்கூறிய கணக்கின்படி, 360 லிட்டர் குழியில் நாள்தோறும் 12 லிட்டர் ஆவியாகி அதே அளவு ஊற்றப்பட்டால், ஒரு மாதத்தில் உப்பின் அளவு ஏறக்குறைய இரட்டித்துவிடும். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரானால் பம்பின் விசிறியே சுண்ணாம்பால் இறுகும். கூரையிலிருந்து பிடித்த மழைநீர் இதற்குச் சிறந்தது. அது இல்லாவிடில் இரு மாதத்துக்கு ஒருமுறை பாதி நீரை மரங்களுக்குப் பாய்ச்சிவிட்டுப் புதுநீர் விடவேண்டும். பம்பை எடுத்துக் காடியில் ஊறவைத்துக் கழுவவேண்டும்.

காஷ்மீரம், இமாசலம் போன்ற குளிர்ப் பகுதிகளில் உறைபனி தொடங்குமுன் குழாயை வடித்துப் பம்பை வெளியே எடுத்துவிடுவர். மற்ற இடங்களில் கவனிக்கவேண்டியது கோடை விடுமுறை. கடைசி நாளன்று பம்பின் குழாயைக் கழற்றி, உறிஞ்சும் வரை நீரைத் தோட்டத்துக்கு இறைத்துவிட்டு, பம்பைக் கழுவி அறையில் வைத்து, கூண்டின் மூடியைக் கயிற்றால் கட்டிவிடுதல் வேண்டும். பள்ளி திறக்கும்போது முதலில் சருகுகளை அகற்றி, குழி நிறைந்ததைக் கோலால் பார்த்த பின்னரே பம்பை இயக்கவேண்டும்.