பெட்டியைக் கீழே வைத்த இடம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க ஜாஸ் இசைக் கலைஞரின் பிழைப்பு என்பது பெரும்பாலும் பயணமே. இசைத்தட்டு ஒன்றுக்குக் கிடைத்த கூலி சொற்பம் என்பதாலும், வருமானம் முழுவதும் நடன அரங்குகளையும் நாடகக் கொட்டகைகளையும் நம்பியிருந்ததாலும், ஓர் ஊரில் ஒரே ஓர் இரவு வாசித்துவிட்டு அன்றிரவே பேருந்திலோ ரயிலிலோ அடுத்த ஊருக்குப் புறப்படும் ‘ஓரிரவு நிகழ்ச்சி’ முறைதான் அவர்களுடைய ஆண்டுக் கணக்கைத் தீர்மானித்தது. இந்த முறைக்குள் மிக நீண்ட காலம் உழன்றவர்களுள் ஒருவர் ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் (1901–1971). நாற்பது வயதைக் கடந்த பின்னரே நிலையான முகவரி ஒன்றைப் பெற்ற அவர், அந்த வீட்டில் என்ன செய்தார், அந்த வீடு அவரை என்ன செய்தது என்பது அவருடைய இசைத்தட்டுகளை மட்டும் கேட்டவர்களுக்குத் தெரியாத கதை.

நியூ ஆர்லியன்ஸ் நகரின் வறுமை மிகுந்த பகுதியொன்றில் பிறந்த அவருக்கு வீடு என்பது தொடக்கத்திலிருந்தே உறுதியற்ற ஒன்று. பாட்டியிடம் சில காலம், தாயிடம் சில காலம் என வளர்ந்த சிறுவன், 1912-ஆம் ஆண்டின் கடைசி இரவில் தெருவில் கைத்துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டதற்காகப் பிடிபட்டுச் சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் அடைக்கப்பட்டான். ட்ரம்பெட்டின் குட்டையான உறவான கார்னெட் என்னும் ஊதுகருவியை முறையாகப் பயின்றது அங்கேதான். பின்னர் மிசிசிப்பி ஆற்றில் ஓடிய உல்லாசப் படகுகளின் இசைக்குழுவில் வேலை, 1922-இல் குரு கிங் ஆலிவரின் அழைப்பின்பேரில் சிகாகோ, 1924-இல் நியூயார்க், மறுபடியும் சிகாகோ, முப்பதுகளில் ஐரோப்பா என்று வாழ்க்கை நகர்ந்துகொண்டே இருந்தது. சிகாகோவில் இரண்டாம் மனைவி லில் ஹார்டின் வாங்கிய வீட்டில் அவர் வாழ்ந்ததுண்டு. ஆனால் அந்த மணவாழ்வைப் போலவே அந்த வீடும் நிலைக்கவில்லை.

கறுப்பினக் கலைஞருக்குப் பயணம் என்பது களைப்பு மட்டுமன்று, அவமானமும்கூட. தென்மாநிலங்களில் ‘ஜிம் க்ரோ’ என்று பொதுப்பெயரால் வழங்கிய இனப் பிரிவினைச் சட்டங்களும் வழக்கங்களும் உணவகம், ரயில் பெட்டி, கழிப்பறை என எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தன. ஆயிரம் பேர் கைதட்டிய அரங்குக்கு எதிரிலேயே இருந்த விடுதியில் அன்றிரவு படுக்க அந்தக் கைதட்டலுக்கு உரியவருக்கு இடம் இல்லை. கறுப்பினப் பயணிகள் அவமானப்படாமல் தங்கவும் உண்ணவும் கூடிய இடங்களைத் தொகுத்து, நியூயார்க் ஹார்லெமைச் சேர்ந்த விக்டர் கிரீன் என்னும் தபால்காரர் 1936 முதல் ‘பச்சை நூல்’ என அறியப்பட்ட கையேட்டை வெளியிட வேண்டியிருந்தது என்றால், நிலைமை விளங்கும். இப்படிப்பட்ட நாட்டில் ‘ஊர் ஊராகப் போகிறவர்’ என்ற அடைமொழியில் கவர்ச்சி காண்பது பின்னால் வந்தவர்களின் சொகுசு.

1942-இல் ஆம்ஸ்ட்ராங் நான்காவது முறையாக மணந்த லூசில் வில்சன், ஹார்லெமின் புகழ்பெற்ற காட்டன் கிளப்பில் நடனமாடியவர். சுற்றுப்பயணத்தில் உடன் சென்ற அவர், அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸின்போது விடுதி அறையிலேயே சிறிய கிறிஸ்துமஸ் மரம் ஒன்றை நட்டு, வண்ண விளக்குகளால் அலங்கரித்து வைத்தார். நிகழ்ச்சி முடிந்து வந்த கணவர் படுக்கையில் சாய்ந்தபடி அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், அதுவரை தமக்கென ஒரு மரம் வாய்த்ததே இல்லை என்று சொன்னதாகவும், அடுத்த ஊருக்குப் புறப்படும்போது மரத்தையும் எடுத்துக்கொள்ளும்படி கேட்டதாகவும் லூசில் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். புத்தாண்டு கழியும்வரை அந்த மரம் ஊர் ஊராகப் பிரிக்கப்பட்டு மீண்டும் மீண்டும் நடப்பட்டது. வீட்டைப் பற்றிக் கணவரிடம் பேசிப் பயனில்லை, வாங்கிக் காட்ட வேண்டியதுதான் என்று லூசில் முடிவுசெய்ததற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

1943-இல் அவர் வாங்கிய வீடு, நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், கொரோனா என்னும் பேட்டையின் 107-ஆம் தெருவில் இருந்தது. (தமிழ் வாசகருக்கு 2020-க்குப் பின் நோயை மட்டுமே நினைவூட்டும் இந்தச் சொல், அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைமுறைகளாக முகவரி.) 1910-இல் கட்டப்பட்ட, தொழிலாளர் குடும்பங்களுக்கேற்ற சாதாரண வீடு அது. ஆம்ஸ்ட்ராங் அதை முன்னரே பார்க்கவில்லை. விலை பேசியதும் பத்திரம் முடித்ததும் பொருள்களை வாங்கி அடுக்கியதும் எல்லாம் லூசில்தான். சுற்றுப்பயணம் முடிந்து, துண்டுக் காகிதத்தில் எழுதிய முகவரியுடன் டாக்சியில் வந்திறங்கிய ஆம்ஸ்ட்ராங், இவ்வளவு நல்ல வீடு தம்முடையதாக இருக்காது என்று ஓட்டுநரிடமே வாதிட்டார் என்றும், கதவைத் திறந்த லூசிலைக் கண்ட பிறகே நம்பினார் என்றும், அந்த ஓட்டுநரையும் உள்ளே அழைத்து உணவருந்தச் செய்தார் என்றும் அவரே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார்.

புகழும் பணமும் பெருகிய பின்னும் அவர் அந்த வீட்டை மாற்றவே இல்லை. பெரிய இடத்துக்குப் போகலாம் என்று லூசில் விரும்பியபோதும் அவர் இசையவில்லை. மாற்றங்கள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடந்தன: நீலப்பச்சை நிற அலமாரிகள் கொண்ட சமையலறை, சுவரெங்கும் கண்ணாடி பதித்துத் தங்க முலாம் பூசிய குழாய்கள் பொருத்திய குளியலறை ஆகியவை லூசிலின் ரசனைக்குச் சாட்சி. வெளியிலோ தெருவின் மற்ற வீடுகளிலிருந்து பெரிதாக வேறுபடாத தோற்றம். வீட்டின் முகப்புக்குச் செங்கல் பூச்சு வைத்தபோது, தம் வீடு மட்டும் பகட்டாகத் தெரியக்கூடாதென்று அண்டை வீடுகளுக்கும் அதே வேலையைச் செய்துதர முன்வந்தார் என்று சொல்லப்படுகிறது. நவீன ஜாஸின் முன்னோடியும் ஆம்ஸ்ட்ராங்கின் பாணியை ஒரு காலத்தில் கிண்டல் செய்தவருமான டிஸ்ஸி கில்லெஸ்பி பிற்பாடு அதே கொரோனாவுக்குக் குடிவந்து அண்டைவீட்டுக்காரர் போலப் பழகியது இசை வரலாற்றின் சுவையான திருப்பங்களுள் ஒன்று.

குடியேறியதால் பயணம் நின்றுவிட்டதென்று கொள்ளக்கூடாது. 1947-இல் பெரிய இசைக்குழுவைக் கலைத்துவிட்டு ‘ஆல் ஸ்டார்ஸ்’ என்னும் சிறுகுழுவை அமைத்த பிறகும், ஆண்டின் பெரும்பகுதியை அவர் வெளியூரிலும் வெளிநாட்டிலுமே கழித்தார். மாறியது பயணத்தின் அளவன்று, அதன் திசை. முன்பு ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போனவர், இப்போது ஒவ்வொரு முறையும் ஓரிடத்துக்குத் திரும்பினார். பிறந்த ஊர் அவருக்கு மூடிக்கிடந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசிப்பதைத் தடுக்கும் சட்டம் லூயிசியானாவில் 1956-இல் வந்தது. கலப்புக் குழுவை வைத்திருந்த ஆம்ஸ்ட்ராங், 1965 வரை நியூ ஆர்லியன்ஸில் வாசிக்க மறுத்துவிட்டார்.

இனி, வீடு தந்த ஊக்கம் என்ன என்ற கேள்வி. ஆம்ஸ்ட்ராங் மேசையில் அமர்ந்து சுரக்குறிப்பு எழுதும் இசையமைப்பாளர் அல்லர். எடுத்துக்கொண்ட பாடலின் மெட்டை மேடையிலேயே உடைத்து, நீட்டி, தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக நகர்த்தி, கேட்போர் எதிர்பாராத வடிவில் திருப்பிக் கொடுப்பவர். கருநாடக இசையில் மனோதர்மம் என்று சொல்லப்படுவதற்கு ஜாஸில் மிக நெருக்கமானது அது. எனவே, கொரோனாவின் அமைதி அவரிடமிருந்து புதிய பாடல்களைக் கறந்தது என்று எழுதினால் அது அழகான பொய்யாகும். வீடு அவருக்குத் தந்தது வேறொன்று: சேர்த்துவைக்கும் பழக்கம். பெட்டியில் அடங்குவதை மட்டுமே வைத்துக்கொள்ள முடிந்த மனிதனுக்கு முதன்முறையாக அலமாரி கிடைத்தது. அலமாரி கிடைத்ததும் தம் வாழ்க்கையையே மூலப்பொருளாகப் பார்க்கத் தொடங்கினார்.

அவருடைய கருவி, 1950-ஆம் ஆண்டின் இறுதியில் கைக்கு வந்த ஒலிநாடாப் பதிவுக் கருவி. அகன்ற சுருளில் சுற்றிய காந்தப் பூச்சுடைய நாடாவில் ஒலியைப் பதியும் இந்தச் சாதனம் அப்போது வீட்டுப் பயன்பாட்டுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இசைத்தட்டுகளை அதில் பிரதியெடுப்பது அவருடைய முதல் நோக்கம். ஆனால் விரைவிலேயே ஒலிவாங்கி உணவு மேசைக்கும் வரவேற்பறைக்கும் நகர்ந்தது. நண்பர்களுடன் பேச்சு, நகைச்சுவைக் கதைகள், லூசிலுடன் சச்சரவு, பழைய இசைத்தட்டு ஒன்று ஒலிக்க அதன்மீது தாமே ட்ரம்பெட் வாசித்துப் பார்ப்பது, சாப்பாட்டு நேரத்துச் சலசலப்பு எனக் கிடைத்ததையெல்லாம் பதிவு செய்தார். சுற்றுப்பயணத்திலும் பதிவுக் கருவிகளை ஒரு டிரங்குப் பெட்டியில் பொருத்தித் தூக்கிச் சென்றதால், விடுதி அறையும் ஒருவகையில் கொரோனாவின் நீட்சி ஆயிற்று.

இவ்வாறு சேர்ந்த சுருள்கள் 600-க்கும் மேல். மாடியில் அவருக்கென ஒதுக்கிய படிப்பறையில் அவை அலமாரிகளில் எண்ணிட்டு அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்ற பட்டியலையும் அவரே கைப்பட எழுதினார். சுருள் வைக்கும் ஏழு அங்குலச் சதுர அட்டைப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு முதலில் புலப்படுவது இசையன்று, கத்தரிக்கோல். செய்தித்தாளிலிருந்து வெட்டிய முகம், ரசிகரின் கடிதத்திலிருந்து ஒரு துண்டு, வாழ்த்து அட்டையின் பூ, நிகழ்ச்சிநிரலின் எழுத்து ஆகியவற்றை அருகருகே ஒட்டி, மேலே பளபளக்கும் ஒட்டுநாடாவைப் பட்டை பட்டையாக இழுத்து மெழுகியதுபோல் மூடியிருக்கிறார். காலப்போக்கில் அந்த நாடா தேன் நிறமாகப் பழுத்திருக்கிறது. இவ்வகை ஒட்டுச் சித்திரங்களை அவர் படிப்பறைச் சுவரிலும் கூரையிலும்கூடப் பரப்பினார் என்பதும், அறையைப் புதுப்பித்தபோது லூசில் அவற்றை அகற்றச் செய்தார் என்பதும் இருவருடைய அழகுணர்வும் ஒரே கூரையின்கீழ் நடத்திய பேரத்தைக் காட்டுகின்றன. ஏற்கனவே உள்ள துணுக்குகளை எடுத்து, இடம் மாற்றி, தம் முத்திரை விழும்படி சேர்ப்பது இந்தக் கலையின் முறை. மேடையில் பிறருடைய பாட்டை வைத்து அவர் செய்ததும் அதுதான்.

வீட்டு வாசலின் கதையும் குறைந்ததன்று. லூசிலுடனான மணவாழ்வில் குழந்தைகள் இல்லை. தெருப் பிள்ளைகள் அந்த இடத்தை நிரப்பினார்கள். பயணம் முடிந்து வரும்போது பெட்டிகளைச் சுமந்து உள்ளே கொண்டுவந்தவர்களும், கூடத்தில் அமர்ந்து ஐஸ்கிரீம் தின்றபடி அவருடன் தொலைக்காட்சியில் கௌபாய் படங்கள் பார்த்தவர்களும் அவர்களே என்று அண்டைவீட்டார் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். வாசற்படியில் அமர்ந்து அவர் ட்ரம்பெட் வாசிக்க, சிறுவர்கள் தாங்களும் கருவியேந்திச் சுற்றி அமர்ந்திருக்கும் ஒளிப்படங்கள் இன்றும் பிரபலம்.

இந்தத் தெருவை மனத்தில் வைக்காமல் ‘வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’ பாடலைப் புரிந்துகொள்வது கடினம். பாப் தீல், ஜார்ஜ் டேவிட் வைஸ் என்னும் இருவர் எழுதி, 1967-இல் ஆம்ஸ்ட்ராங் பதிவுசெய்த அந்தப் பாடல் அமெரிக்காவில் அப்போது கவனிப்பாரின்றிப் போய், பிரிட்டனில் 1968-இல் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. 1987-இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தின் வழியாகவே சொந்த நாட்டில் அது பரவலாகப் புகழ்பெற்றது. வியட்நாம் போரும் நகரக் கலவரங்களும் நடந்துகொண்டிருந்த வேளையில் உலகம் இனியது என்று பாடுவது வெகுளித்தனம் என்ற விமர்சனம் எழாமல் இல்லை. ஆனால் அந்தப் பாடல் தமக்கு நினைவூட்டுவது கொரோனாவில் தாம் வாழும் தெருவையும், அங்கே தாமும் லூசிலும் கண்முன் வளர்ந்து ஆளாகக் கண்ட தலைமுறைகளையும் என்று ஆம்ஸ்ட்ராங் விளக்கியிருக்கிறார். அதாவது, பிறர் எழுதிய வரிகளுக்குள் அவர் தம் முகவரியை வைத்துப் பாடினார். கரகரத்த அந்தக் குரல் பொதுவான உலகத்தைப் பற்றிப் பேசவில்லை, குறிப்பிட்ட சில வீடுகளைப் பற்றிப் பேசியது.

1968-இன் பிற்பகுதியில் தொடங்கிய கடும் நோய் அவரை மருத்துவமனைக்கும் பின்னர் நீண்ட ஓய்வுக்கும் தள்ளியது. ட்ரம்பெட் வாசிக்க மருத்துவர் தடை விதித்த அந்த மாதங்களில்தான், ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின், அவர் தம் வீட்டில் தொடர்ச்சியாக வாழ்ந்தார். பழைய சுருள்களை எடுத்து மறுபடியும் கேட்டு, புதிதாக எண்ணிட்டு, புதிய பட்டியல் எழுதினார். சிறுவயதில் தமக்கு வேலையும் உணவும் தந்த யூதக் குடும்பத்தைப் பற்றிய நினைவுகளையும், தம் சுற்றுப்புறத்தைப் பற்றிய கட்டுரையையும் எழுதியது இந்தக் காலத்தில். 1971 பிப்ரவரியில், கிறிஸ்துமஸ் இரவைப் பற்றிய புகழ்பெற்ற குழந்தைக் கவிதை ஒன்றை இதே படிப்பறையில் அமர்ந்து வாசித்துப் பதிவுசெய்தார். வணிக வெளியீட்டுக்காக அவர் செய்த கடைசிப் பதிவு அதுவே. அதில் ட்ரம்பெட் இல்லை.

அதே ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் அந்த வீட்டிலேயே உறக்கத்தில் அவர் உயிர் பிரிந்தது. அருகிலுள்ள ஃப்ளஷிங் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் டிஸ்ஸி கில்லெஸ்பியும் அங்கேயே அடக்கமானார். 1983-இல் மறைந்த லூசில், வீட்டை நியூயார்க் நகரத்துக்கு எழுதிவைத்தார். குவீன்ஸ் கல்லூரியின் பொறுப்பில் 2003 முதல் அருங்காட்சியகமாக இயங்கும் அந்த வீட்டில், அறைகலன்கள் அவர்கள் விட்டுச்சென்றபடியே இருக்கின்றன. பார்வையாளர்கள் அறை அறையாக அழைத்துச் செல்லப்படும்போது அந்தந்த இடத்துக்குரிய ஒலிநாடாத் துணுக்குகள் ஒலிக்கவிடப்படுகின்றன. உணவறையில் நிற்பவர்கள், அந்த மேசையில் ஒரு மனிதர் பேசிக்கொண்டே சாப்பிடுவதைக் கேட்கிறார்கள்.