குணம் கெட்டதா, மூளை காயப்பட்டதா?

1848 செப்டெம்பர் 13ஆம் திகதி, அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் புகையிரதப் பாதைக்காகப் பாறை உடைத்த வேலைக்குழுவின் தலைவர் பினியஸ் கேஜ் விபத்துக்குள்ளானார். வெடிமருந்து வெடித்து, ஒரு மீற்றருக்கு மேற்பட்ட இரும்புக் கம்பி அவரது இடது கன்னத்தினூடே புகுந்து உச்சந்தலையால் வெளியேறியது. அவர் உயிர் பிழைத்தார், நடந்தார், பேசினார். ஆனால், பொறுப்பும் நிதானமும் மிக்க அவர் பின்னர் மரியாதையின்றிப் பேசலானார்; திட்டங்களைப் போட்டு உடனே கைவிட்டார். சிகிச்சையளித்த வைத்தியர் ஜோன் ஹார்லோ இதனை 1868இல் எழுதினார்.

காரணம் என்ன? ஒரு விடயத்தை மனத்தில் இருத்திச் செயற்படுதல், உந்துதலை அடக்குதல், நிலைமைக்கேற்ப மாறுதல் ஆகிய மூன்றுக்கும் நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளை முக்கியமானது. 1963இல் கனடாவின் மொன்றியல் நகரில் உளவியலாளர் பிரெண்டா மில்னர், முன்மூளையில் சத்திரசிகிச்சை பெற்றவர்களிடம் சீட்டுகளை வகைப்படுத்தும் சோதனையை நடத்தினார். விதி மாறிய பின்பும் அவர்கள் பழைய விதியையே பற்றி நின்றனர்.

உறவுகளுக்கும் இத்திறன்கள் வேண்டும். வாயில் வந்த சொல்லை அடக்காமலும், முகக்குறிப்பறிந்து மாறாமலும் எவரோடும் ஒத்துவாழ முடியாது.

கேஜ் பிற்காலத்தில் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். நாள்தோறும் ஒரே ஒழுங்கில் அமைந்த அவ்வேலை அவரை ஓரளவு சீர்ப்படுத்தியிருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

தலையில் அடிபட்டுக் குணம் மாறிய ஒருவரைத் திமிர் பிடித்தவரென ஒதுக்குமுன் நாம் இதைச் சிந்திக்க வேண்டும். ஏச்சினால் அவர் திருந்தமாட்டார். வைத்திய ஆலோசனையோடு, ஒழுங்கான நாளும், சிறு படிகளாகப் பிரித்த வேலையும், பொறுமையுள்ள துணையுமே அவருக்குக் கைகொடுக்கும்.