கணிப்பொறியில் கவனம் சிதறாது எழுதுதல்

ஆய்வுக் கூடத்தில் கண்ட உண்மையாயினும், வயல்வெளியில் கண்ட உண்மையாயினும், எழுத்தில் ஏறிய பின்னரே அது பிறர்க்குப் பயன்படுகிறது. கள ஊழியர் ஒருவர் காலையில் பத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்திருக்கலாம். இலையின் ஓரத்தில் படர்ந்த பழுப்பு நிறத்தைக் கவனித்திருக்கலாம். முதிய உழவர் ஒருவர் அதற்குக் கூறிய காரணத்தைக் கேட்டு வந்திருக்கலாம். அளவுகள் குறிப்பேட்டில் நிற்கும். நிறத்தின் சாயலும், உழவர் கூறிய காரணத்தின் நுட்பமும் பெரும்பாலும் நினைவில் மட்டுமே நிற்கும். மாலையில் அறிக்கை எழுத அமரும்போது அந்நினைவு சொல்லாக மாறுமுன் கலைந்துவிடின், அதன் இடத்தில் ‘பயிர் நிலை திருப்திகரம்’ என்னும் பழகிய தொடர் வந்து அமர்ந்துகொள்ளும். பாடக் குறிப்பு எழுதும் ஆசிரியரின் நிலையும் இத்தகையதே. வகுப்பில் ஒரு மாணவன் எவ்விடத்தில் தடுமாறினான் என்பதை அன்றே தெளிவாக எழுதாவிடின், மறு ஆண்டும் அதே இடத்தில் அடுத்த வகுப்பு தடுமாறும்.

கணிப்பொறி எழுதுவதற்கு உதவும் கருவி. எழுதுபவரை ஓயாது வேறு பணிகளுக்கு அழைக்கும் கருவியும் அதுவே. இவ்விரண்டாம் குணத்தை அடக்கி, முதற் குணத்தை மட்டும் நிறுத்திவைக்கும் நோக்குடன் இயற்றப்பட்டவையே முழுத்திரை எழுத்து மென்பொருள்கள். அவை தோன்றிய காரணம் யாது, எவ்வாறு இயங்குகின்றன, எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படா என்பவற்றை இங்குக் காண்போம்.

திரை நிறைந்த வரலாறு

தொடக்க காலக் கணிப்பொறிகளில் இச்சிக்கல் அவ்வளவாக எழவில்லை. 1978-ஆம் ஆண்டில் வெளிவந்த வேர்டுஸ்டார், எழுத்துகளை மட்டுமே காட்டவல்ல சிறு திரைகளுக்கென இயற்றப்பட்டது. மேற்பகுதியில் தோன்றும் உதவிக் குறிப்புகளையும், பழகியவர்கள் வேண்டாமென அகற்றிவிடலாம். 1989-இல் வெளியான வேர்டுபெர்ஃபெக்ட் 5.1 பதிப்பில், கீழே உள்ள ஒரே ஒரு நிலைவரி தவிரத் திரை முழுவதும் வெறுமையாகவே இருந்தது. அந்நாளைய பொறிகளில் ஒரு நேரத்தில் ஒரு நிரலை இயக்குவதே வழக்கமாதலின், எழுதும்போது எழுத்து மட்டுமே கண்முன் நின்றது. இவ்வெறுமை திட்டமிட்டு அமைந்ததன்று. பொறியின் எளிமையால் விளைந்தது.

இதற்கிடையே மற்றொரு வளர்ச்சியும் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1974-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் பட்லர் லாம்ப்சன், சார்ல்ஸ் சிமோன்யி ஆகியோர் பிராவோ என்னும் நிரலை உருவாக்கினர். திரையில் காண்பது எதுவோ அதுவே தாளிலும் அச்சாகும் என்னும் கொள்கை அதில் நடைமுறைக்கு வந்தது. சிமோன்யி பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் சேர்ந்து வேர்டு நிரலின் உருவாக்கத்தை வழிநடத்தினார். 1984-இல் மக்கின்டாஷ் கணிப்பொறியும், 1990-இல் விண்டோஸ் 3.0 பதிப்பும் வந்தபின், பல சாளரங்களை ஒரே திரையில் விரித்து வைத்தல் பொது வழக்காயிற்று. எழுத்துருவை மாற்றவும், ஓரங்களைத் திருத்தவும், கட்டங்கள் வரையவும் உரிய பொத்தான்கள் எழுதும் இடத்தைச் சுற்றி நெருங்கின. பிறகு இணையம் வந்து, மின்னஞ்சலும் செய்திகளும் அதே திரையில் இடம்பிடித்தன.

இம்மாறுதலின் எதிர்விளைவாகவே புதிய எளிமை நாடப்பட்டது. 2006-இல் ஜெஸ்ஸி குரோஸ்ஜீன் என்பவரின் ஹாக் பே நிறுவனம், மக்கின்டாஷ் கணிப்பொறிக்கென ரைட்ரூம் என்னும் மென்பொருளை வெளியிட்டது. கருநிறத் திரை, அதன்மேல் பச்சை எழுத்து; வேறொன்றும் இல்லை. அதே ஆண்டில் அதனைப் பின்பற்றி விண்டோசுக்கு டார்க் ரூம் தோன்றியது. கிரேம் காட் என்பவர் இயற்றிய ஃபோக்கஸ்ரைட்டர், கட்டணமின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருளாகும். விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டிலும் அது இயங்கும். 2010-இல் வந்த ஐஏ ரைட்டர், எழுதிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் தெளிவாகக் காட்டி, ஏனையவற்றை மங்கலாக்கும் முறையைக் கையாண்டது. இன்று மைக்ரோசாஃப்ட் வேர்டிலேயே ‘ஃபோக்கஸ்’ என்னும் முழுத்திரை முறை உள்ளது.

பள்ளிகளின் பொருட்டு எழுந்த ஒரு முயற்சியும் ஆசிரியர்கள் அறியத்தக்கது. ஆப்பிள் நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய பொறியியலார் இருவர், 1993-இல் ஆல்ஃபாஸ்மார்ட் என்னும் தனிக் கருவியை அமெரிக்கப் பள்ளிகளுக்கென வெளியிட்டனர். விசைப்பலகை ஒன்றும், நான்கு வரிகள் மட்டும் தோன்றும் சிறு திரையும் கொண்ட அக்கருவி, சாதாரண மின்கலங்களால் இயங்கிற்று. மாணவர் அதில் எழுதிய பின், கணிப்பொறியுடன் இணைத்தால் எழுதியதனைத்தும் தட்டச்சு செய்வதைப் போலவே அதில் பதிந்துவிடும். இவ்வரிசைக் கருவிகளின் உற்பத்தி 2013-இல் நின்றுபோயிற்று. எனினும், எழுதும் கருவியையும் அச்சுக்கு ஒழுங்குபடுத்தும் கருவியையும் பிரிக்க இயலும் என்பதை அது விளக்கிக் காட்டியது.

எழுதும்போது மனத்தில் நிகழ்வது

1981-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிண்டா ஃபிளவர், ஜான் ஹேய்ஸ் ஆகிய இருவரும் எழுத்துச் செயலைப் பற்றிய கொள்கையொன்றை வெளியிட்டனர். எழுதுபவர் மனத்தில் மூன்று செயல்கள் நிகழ்கின்றன என்பது அதன் சாரம். முதலாவது, கூற வேண்டியதைத் திட்டமிடுதல். இரண்டாவது, அதனைச் சொற்றொடராக ஆக்குதல். மூன்றாவது, ஆக்கியதை மீண்டும் நோக்கித் திருத்துதல். இவை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வன அல்ல. ஒரே வாக்கியத்திற்குள் மூன்றும் மாறி மாறி வந்துபோகும்.

இங்கு நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எழுத்துருவைத் தேர்தல், தலைப்பைத் தடிப்பாக்குதல், பக்கத்தின் ஓரத்தை அளத்தல் ஆகியவை இம்மூன்றினுள் எதிலும் அடங்கா. அவை கையெழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவரின் பணியாக இருந்தவை. கணிப்பொறி அவற்றை எழுதுபவரின் தலைமேல் ஏற்றிவிட்டது. முன்னரே மூன்று செயல்களுக்கு இடங்கொடுத்து நிற்கும் மனத்தினுள் நான்காவது ஒன்று நுழையும்போது, முடிவுறாத வாக்கியம் வழுவிப் போகிறது.

சிறு குறுக்கீடும் எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதை ஒரு சோதனையால் அறியலாம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் எரிக் ஆல்ட்மன் தம் துணைவர்களுடன் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பங்கேற்றோர்க்குக் குறித்த வரிசைப்படி செய்யவேண்டிய வேலையொன்று கணிப்பொறியில் தரப்பட்டது. இடையிடையே சராசரி 2.8 வினாடி நேரம் அவர்கள் குறுக்கிடப்பட்டனர். அவ்வளவிலேயே வரிசைப் பிழைகள் இரு மடங்காயின, குறுக்கீடு 4.4 வினாடியாக நீண்டபோது அவை மூன்று மடங்காயின. திரையின் மூலையில் தோன்றும் அறிவிப்பைப் படிக்க இதற்கு மிகுதியான நேரம் தேவையில்லை. இச்சோதனை எழுத்து மென்பொருளைப் பற்றியதன்று. ஆயினும், வரிசை தவறாது நடக்கவேண்டிய எண்ணத்திற்குக் குறுக்கீடு செய்யும் கேட்டை இது தெளிவாக்குகிறது.

மென்பொருளின் அமைப்பு

சாதாரணமாக இயக்க முறைமை ஒவ்வொரு நிரலுக்கும் திரையில் ஒரு சாளரத்தை ஒதுக்குகிறது. முழுத்திரை நிரலோ திரைப்பரப்பு முழுவதையும் தனக்கெனக் கேட்டுப் பெறுகிறது. அப்பொழுது கீழேயுள்ள பணிப்பட்டையும், கடிகாரமும், பிற சாளரங்களும் மறைந்துவிடும். பட்டிகள் வேண்டுமாயின், சுட்டியைத் திரையின் ஓரத்திற்குக் கொண்டுசென்றால் தோன்றும், விலக்கினால் மறையும். ஃபோக்கஸ்ரைட்டர் இம்முறையில் இயங்குகிறது.

திரை முழுவதையும் பெற்றாலும், எழுத்துகள் அதன் முழு அகலத்தையும் நிரப்புவதில்லை. அகலவாட்டில் 1920 புள்ளிகள் கொண்ட திரையில், ஓர் எழுத்திற்குப் பத்துப் புள்ளிகள் என வைத்துக்கொண்டால் ஒரு வரியில் 192 எழுத்துகள் அமையும். அத்துணை நீண்ட வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்திற்குத் திரும்பும் கண், எளிதில் வரி தவறிவிடும். ஆதலின் நல்ல மென்பொருள்கள் நடுவே குறுகிய பத்தியை அமைத்து, இருபுறமும் வெறுமையாக விடுகின்றன. சில நிரல்களில் எழுதும் வரி எப்பொழுதும் திரையின் நடுவிலேயே நிற்கும். தட்டச்சுப் பொறியில் தாள் மேலேறுவது போல முன்னெழுதிய வரிகள் மேலே நகர்ந்து செல்லும்.

கண்ணுக்குத் தெரியாத பகுதி ஒன்றும் இம்மென்பொருள்களில் உண்டு. பலவும் எழுதியதைக் குறித்த இடைவெளியில் தாமே சேமித்துக்கொள்கின்றன. மின்சாரம் திடீரென நிற்கும் ஊர்களில் இது பெரும் நன்மை. மேலும், வடிவமைப்புக் குறிகள் இல்லாத வெற்றுரைக் கோப்பாகவும் சேமிக்க அவை இடந்தருகின்றன. யூடிஎஃப்-8 என்னும் குறியீட்டு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் கொள்ளும். சொல்லுக்குச் சராசரி ஒன்பது குறிகளும் ஓர் இடைவெளியும் எனக் கொண்டால், 1500 சொற்கள் கொண்ட அறிக்கை 42,000 பைட் அளவே ஆகும். மெலிந்த இணைய இணைப்பின் வழியாகவும் இதனை எளிதில் அனுப்பலாம்.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டுவன

தமிழில் தட்டச்சு செய்யும் முறையே சில வேளைகளில் கவனத்தைக் கலைக்கக் கூடும். ஒலிபெயர்ப்பு முறைகள் சிலவற்றில், ஒவ்வொரு சொல்லுக்கும் சிறு பட்டியல் தோன்றி, உரிய வடிவத்தைத் தேர்ந்தெடுக்கக் கேட்கும். முழுத்திரை மென்பொருளினுள்ளும் இப்பட்டியல் தொடர்ந்து வரும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் இத்தொல்லை இல்லை. விசைகளை அழுத்தியவுடன் எழுத்து முடிவாகிவிடும். பழகச் சில நாட்கள் ஆகும் என்பது உண்மை. ஆனால் நாள்தோறும் எழுதுவோர்க்கு அவ்வுழைப்பு வீண்போகாது.

எழுத்துப்பிழை காட்டும் சிவப்புக் கோடும் இவ்வகையைச் சேர்ந்ததே. தமிழ்ச் சொற்கள் வேற்றுமையும் விகுதியும் ஏற்று எண்ணற்ற வடிவங்கள் கொள்வன. சொற்பட்டியலை மட்டும் நம்பும் திருத்தி, பிழையற்ற சொல்லின் கீழும் கோடிட்டுவிடும். முதல் வரைவு எழுதும்போது இதனை நிறுத்திவைத்து, திருத்தும்போது மீண்டும் இயக்குதல் நன்று.

பயனும் எல்லையும்

முழுத்திரை மென்பொருள் பிறவற்றை மறைக்கிறதேயன்றி நிறுத்துவதில்லை. திரைக்குப் பின்னால் மின்னஞ்சல் வந்துகொண்டேயிருக்கும். கைப்பேசி மேசைமேல் ஒலித்துக்கொண்டேயிருக்கும். அறிவிப்புகளை நிறுத்துவதும், வேண்டாத வேளையில் இணைய இணைப்பைத் துண்டிப்பதும் எழுதுபவர் தாமே செய்யவேண்டியவை.

எல்லா எழுத்துப் பணிக்கும் இம்முறை பொருந்தாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். அட்டவணை தயாரித்தல், வரைபடம் இணைத்தல், இரண்டு ஆவணங்களை ஒப்பிடுதல் ஆகியவற்றிற்கு அகன்ற வேலைமேசை போன்ற சாதாரணத் திரையே ஏற்றது. சிந்தித்துத் தொடராக எழுதவேண்டிய பகுதிகளுக்கே வெறுந்திரை உரியது.

கருவியின் மேலுள்ள ஆர்வமே கவனச் சிதறலாகிவிடுவதும் உண்டு. பின்னணிப் படத்தையும் எழுத்தின் நிறத்தையும் தேர்ந்தெடுப்பதில் அரைமணி நேரம் கழியுமாயின், பழைய நோய் புதிய பெயரில் திரும்பியதாகவே கருதவேண்டும். வேறு சிலர் எதிர்த்திசையில் மிகையாகச் சென்றுள்ளனர். 2016-இல் வெளிவந்த ஒரு நிரலில், ஐந்து வினாடி நேரம் விசை அழுத்தாது இருப்பின், எழுதியதனைத்தும் அழிந்துவிடும்! குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, அளவைச் சரிபார்த்து எழுதவேண்டிய கள அறிக்கைக்கு இத்தகைய அவசரம் ஆகாது. நின்று நினைப்பதும் எழுதுவதன் பகுதியே.

கையாளும் முறை

அறிக்கை எழுதும் பணியை மூன்று அமர்வுகளாகப் பிரித்துக்கொள்வது எளிய வழி. முதல் அமர்வில், வேண்டிய அளவுகள், பெயர்கள், தேதிகள் ஆகியவற்றைத் தாளில் தொகுத்துக் கணிப்பொறியின் அருகில் வைத்துக்கொள்ளவேண்டும். எழுதும் இடையில் ஓர் எண்ணைத் தேடி இணையத்திற்குச் செல்லும் தேவை இதனால் குறையும். ஏதேனும் விடுபட்டிருப்பின், அவ்விடத்தில் ஒரு நட்சத்திரக் குறியிட்டு மேலே செல்லலாம்.

இரண்டாம் அமர்வில், அறிவிப்புகளை நிறுத்திவிட்டு முழுத்திரையில் எழுதவேண்டும். இருபத்தைந்து நிமிடம் போன்ற ஓர் அளவை வகுத்துக்கொள்ளலாம். ஃபோக்கஸ்ரைட்டரில் நாளொன்றுக்கு இத்தனை சொற்கள் அல்லது இத்தனை நிமிடங்கள் என இலக்கும் குறித்துக்கொள்ள இயலும். கண்டது, கேட்டது, கருதியது என்னும் வரிசையில் எழுதினால், எது நேரிற் கண்ட உண்மை, எது ஊகம் என்பது படிப்போர்க்குத் தெளிவாகும். மூன்றாம் அமர்வில், எழுதியதை வழக்கமான நிரலுக்கு மாற்றி, நட்சத்திரக் குறியிட்ட இடங்களை நிரப்பி, பிழை திருத்தி, அட்டவணைகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தலாம்.

புதிய மென்பொருள் கிடைக்காத அலுவலகங்களிலும் இம்முறை தடைப்படாது. விண்டோசுடன் வரும் நோட்பேடு நிரலைப் பெரிதாக்கி, எழுத்தின் அளவைச் சற்றுக் கூட்டி, இணைய இணைப்பைத் துண்டித்தால் ஏறக்குறைய அதே பயன் கிட்டும். அதில் அவ்வப்போது தாமே சேமித்துக்கொள்ள மறவாதிருத்தல் வேண்டும். வகுப்பில் ஒரு கணிப்பொறியே உள்ள பள்ளியில், மாணவர்கள் முதல் வரைவைத் தாளில் எழுதிப் பின்னர் தட்டச்சு செய்வதும் இதே கொள்கையின்பாற்பட்டதே. எழுதும் நேரம் வேறு, அழகுபடுத்தும் நேரம் வேறு என்பதை அவர்கள் இளமையிலேயே உணர்ந்துகொள்வர்.

உழவர் கூறிய காரணம், இலையில் கண்ட நிறம், மாணவன் தடுமாறிய இடம் ஆகியவை சிதையாது ஏட்டில் ஏறவேண்டும். அதன் பொருட்டு நாள்தோறும் அரைமணி நேரம் திரையை வெறுமையாக்கி வைப்பது கள ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும் கைகூடக் கூடிய எளிய ஏற்பாடாகும்.