குத்தகைக் கணக்கும் கணிப்பொறியும்

அதியமான்கோட்டை என்றதும் மாணவர்களின் நினைவுக்கு வருபவர் ஔவையார். அவரை அடுத்து வருவது நெல்லிக்கனி. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கிய இவ்வூரில் வாழும் நான், நெல்லிக்கனியை விட்டுவிட்டு எண்ணெயையும் எரிவாயுவையும் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எங்கள் மண்ணுக்கடியில் எண்ணெய் இல்லை. இங்கே இருப்பது தொன்மையான கடும்பாறை. எண்ணெயோ படிவுப் பாறைகளில் தங்குவது. ஆகவேதான் தமிழ்நாட்டில் அது காவிரிப் படுகையில், நரிமணம் போன்ற இடங்களில் கிடைத்தது. ஆயினும் எரிவாயுவைக் கொண்டு செல்லும் குழாய்க்குப் பாறை, படிவு என்ற வேறுபாடு கிடையாது. கொச்சியிலிருந்து பெங்களூருக்கு வகுக்கப்பட்ட குழாய்த் தடம் தருமபுரி உள்ளிட்ட 7 மேற்கு மாவட்டங்களின் வழியே அமைந்தது. விளைநிலங்களைத் தவிர்த்து நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைப் பதிக்க வேண்டும் என்று 2013இல் மாநில அரசு கூறியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2016இல் மாநில அரசின் முறையீடு தள்ளுபடியாயிற்று.

இத்தகைய குழாய்களுக்காக 1962இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று உண்டு. அதன்படி நிலம் உழவனுக்கே உரியது. நிலத்தடியில் குழாய் பதித்துப் பயன்படுத்தும் உரிமை மட்டும் பிறருக்குச் சேர்கிறது. உழவன் தொடர்ந்து பயிரிடலாம். ஆனால் குழாய்த் தடத்தின் மேல் வீடு கட்டலாகாது, கிணறு வெட்டலாகாது, மரம் வைக்கலாகாது. இவ்வுரிமைக்கு ஈடாக நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு தரப்பட வேண்டும். பயிர் முதலியவற்றுக்கு நேரும் சேதத்திற்குத் தனியே இழப்பீடு உண்டு. மறுப்புக் கூற விரும்புவோர் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 21 நாள்களுக்குள் கூறியாக வேண்டும்.

இந்த 21 நாள்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் இறந்துவிட்டார், அவருடைய 4 மக்களும் வாரிசுகள். ஓர் ஏட்டில் பெயர் திருத்தப்பட்டது. இன்னோர் ஏட்டில் பழைய பெயரே நிற்கிறது. தகவல் இறந்தவர் பெயருக்குப் புறப்பட்டால், மக்கள் அறிந்து விழிப்பதற்குள் காலம் கடந்துவிடாதா? ஆகவே கணக்கை எவ்வாறு பகுத்து வைப்பது என்பது எழுத்தர்களின் கவலை மட்டுமன்று. அது உழவன் வீட்டுக் கவலையும் ஆகும்.

என் பாட்டனார் ஒரு பெரிய கணக்குப் புத்தகம் வைத்திருந்தார். நிலத்தின் அளவு, குத்தகைக்காரர் பெயர், தவணை, வரவு ஆகிய அனைத்தும் அதிலே நாள்வாரியாக எழுதப்பட்டிருந்தன. அவர் தம்பியோடு பாகம் பிரித்துக்கொண்டபோது, ஒரு வயலின் அளவு மாறியது. அந்த அளவு அப்புத்தகத்தில் பல பக்கங்களில் எழுதப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் திருத்தினார், ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டார். அந்த ஒரு பக்கத்தைக் காட்டியே பின்னாளில் இரு குடும்பங்களும் வழக்காடின. அறுவடைக்கு ஒருவரையொருவர் அழைத்துக்கொண்ட வீடுகள், பல ஆண்டுகள் வாசற்படி மிதிக்காமல் இருந்தன. குற்றம் எவர் நேர்மையிலும் இல்லை. ஒரே செய்தியைப் பல இடங்களில் எழுதி வைத்ததே குற்றம்.

கணிப்பொறி வந்ததால் இத்தவறு தானே மறைந்துவிடும் என்று கருதலாகாது. மென்பொருளும் ஒரு கணக்குப் புத்தகமே; ஒழுங்கின்றி எழுதினால் அது இன்னும் விரைவாகத் தவறு செய்யும். இதற்கு அறிஞர்கள் கண்ட வழி, மென்பொருளைத் தனித்தனிக் கூறுகளாக அமைப்பதாகும். டேவிட் பார்னஸ் என்னும் அறிஞர் 1972இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் புகழ் பெற்றது. கூறுகளாகப் பிரிக்க வேண்டும் என்பதில் அக்காலத்திலேயே பெரும்பாலோர் உடன்பட்டிருந்தனர். எதை வைத்துப் பிரிப்பது என்பதுதான் அவர் எழுப்பிய வினா. விண்ணப்பம் பெறுதல், சரிபார்த்தல், ஒப்பமிடுதல், பணம் வழங்குதல் என வேலை நடக்கும் வரிசைப்படி பிரிப்பதே எவருக்கும் முதலில் தோன்றும். அவ்வாறு பிரித்தால், நிலத்தின் அளவு எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதை நான்கு கூறுகளும் அறிந்திருக்க வேண்டும். அது மாறினால் நான்கையும் திருத்த வேண்டும். ஆகவே, மாறக்கூடியது எதுவோ அதை ஒரு கூறுக்குள் மறைத்து வைக்க வேண்டும் என்றார் பார்னஸ். பிற கூறுகள் அதன் வாயிலில் நின்று வினவலாம். உள்ளே நுழைந்து பார்க்கலாகாது.

இதை எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் குத்தகைக் கணக்கிற்குப் பொருத்திப் பார்ப்போம். புல எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவை ஓர் அறையில் இருக்கட்டும். உரிமையாளர், வாரிசு, பங்கு ஆகியவை மற்றோர் அறையில் இருக்கட்டும். ஒப்பந்தத்தின் காலமும் நிபந்தனைகளும் மூன்றாம் அறை. பணக் கணக்கு நான்காம் அறை. கெடு நாள்களை நினைவூட்டுவது ஐந்தாம் அறை. ஓர் ஏக்கர் 10,00,000 ரூபாய் பெறும் நிலத்தில் 30 சென்ட் குழாய்த் தடத்தில் அகப்பட்டதாக வைத்துக்கொள்வோம். பணக் கூறு நிலக் கூறினிடம் பரப்பைக் கேட்கும். அதன் மதிப்பு 3,00,000 ரூபாய், அதில் 10 விழுக்காடு 30,000 ரூபாய். பின்னர் உரிமையாளர் கூறினிடம் பங்கு கேட்கும். நால்வருக்குச் சமபங்கு என்றால் தலைக்கு 7,500 ரூபாய். நாளை நால்வரில் ஒருவர் தம் பங்கை விற்றால், ஓர் அறையில் ஒரே ஒரு திருத்தம் போதும். பணம், தகவல், கெடு நாள் ஆகிய எல்லாம் அந்தத் திருத்தத்தையே பின்பற்றும்.

மாற்றம் குடும்பத்திலிருந்து மட்டும் வருவதில்லை, சட்டத்திலிருந்தும் வருகிறது. 1948ஆம் ஆண்டின் எண்ணெய் வயல் சட்டத்தில் சுரங்கக் குத்தகை என்று இருந்ததை, 2025இல் செய்த திருத்தம் பெட்ரோலியக் குத்தகை என்று ஆக்கியது. காவிரிப் படுகையில் வேளாண் மண்டலத்தைக் காக்கத் தமிழ்நாடு 2020இல் தனிச் சட்டம் இயற்றிப் புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுகளைத் தடை செய்தது. நாட்டுக்கு நாடும் வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் நிலத்தடி எண்ணெய் தனியார் உடைமையாக இருக்கக்கூடும். ஆகவே ராயல்டி நிலக்காரரின் வாரிசுகளுக்குள் பல பின்னங்களாகப் பிரிந்து செல்லும். இந்தியாவில் தரைப்பகுதிக் கிணறுகளின் ராயல்டி மாநில அரசுக்குச் செல்கிறது. செம்மையாகப் பகுத்த மென்பொருளில் இத்தகைய வேறுபாடுகளுக்கு உரிய அறையை மட்டும் மாற்றினால் போதும். வீட்டையே இடிக்க வேண்டியதில்லை.

நம் மாநிலத்து நில ஆவணங்களிலும் இப்போக்கைக் காணலாம். பட்டா விவரங்கள் தமிழ்நிலம் என்னும் மென்பொருளில் உள்ளன; புல வரைபடங்களைக் கொலாப்லேண்டு என்னும் மற்றொன்று ஆள்கிறது; பத்திரப்பதிவுக்கு வேறொன்று உண்டு. ஒவ்வொன்றும் தன் பணியைச் செய்து, மற்றதோடு வகுத்த வழியில் உரையாடுகிறது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அறைகளை மிகுதியாக்கினால் வீட்டில் சுவர்தான் மிஞ்சும். எந்தச் செய்தி அடிக்கடி மாறும், எது மாறினால் எவருக்குத் தீங்கு என்று முதலில் ஆராய வேண்டும். சுவர் எழுப்புவது அதன் பின்னரே. மேலும், தவறான பெயரை எழுதிவிட்டால், எத்தனை அழகிய கூறும் அத்தவறையே நாணயமாக எல்லோருக்கும் எடுத்துரைக்கும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை இத்தகைய மென்பொருளை எழுதப் போகிறீர்கள். அப்பொழுது உங்கள் திரையில் தெரிவது வெறும் எண்ணாகவே இருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு வயலும், அதன் வரப்பில் 21 நாள் கெடுவை விரல்விட்டு எண்ணும் ஒரு மனிதரும் இருப்பதை மறவாதீர்கள். என் பாட்டனாரின் புத்தகம் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. திருத்தாமல் விட்ட அந்தப் பக்கத்தை நான் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதுண்டு.