கைபேசியும் நமது நிதானமும்

நூல் வாங்கவோ கடன் தவணை செலுத்தவோ சங்க அலுவலகத்திற்கு வரும் அங்கத்தினர்களுள் வயது முதிர்ந்த சிலர், தொலைபேசி எண் கேட்கப்பட்டதும் சட்டைப் பையிலிருந்து சிறியதொரு பட்டன் கைபேசியை எடுத்துச் சற்றே கூச்சத்துடன் காட்டுவதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். “இன்னும் இதைத்தான் வைத்திருக்கிறீர்களா, தாத்தா?” என்று அருகில் நிற்கும் இளைஞர் நகைப்பதும் உண்டு. அக்கூச்சத்திற்குக் காரணமே இல்லை என்பது நமது அபிப்பிராயம். புதுமையை ஆராய்ந்து தாமதமாக ஏற்பது பழுதன்று. ஆராயாமல் அவசரப்படுவதும், ஆராயாமலே மறுப்பதுமே பழுது. இதனை நமது வட்டாரத்தின் அனுபவத்தைக் கொண்டே விளக்க விரும்புகிறோம்.

பாலாறு கற்பித்த பாடம்

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் தொழிலை அறியாதார் இலர். முன்னாளில் ஆவாரம்பட்டை முதலியவற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்தே தோலைப் பதனிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையைச் சென்னை மாகாணத்தில் பரப்ப முயன்றவர் ஆல்பிரட் சாட்டர்டன். கயிற்றை இழுத்தால் விரைந்தோடும் நாடாவைக் கைத்தறியாளரிடையே பரப்பும் பொருட்டு, 1906-இல் சேலத்தில் நெசவுச்சாலை தொடங்கியவரும் அவரே.

ஒருவரே முன்வைத்த இவ்விரு புதுமைகளும் ஒரே தன்மையன அல்ல. விரைநாடாவை இருக்கின்ற குழித்தறியிலேயே பொருத்திப் பார்க்கலாம். ஒத்துவராவிடில் பழைய நாடாவிற்கே திரும்பலாம். குரோமிய முறையோ அவ்வாறன்று. 1970-களில் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலை ஊக்குவித்தபின் அம்முறை இங்கு வேகமாகப் பெருகிற்று. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அதனால் பிழைப்பும் கிடைத்தது. ஆயினும் கழிவுநீர் எங்கே போய்ச் சேரும் என்ற கேள்விக்கு விடை காணுமுன் தொழில் வளர்ந்துவிட்டது. அதன் பலனைப் பாலாறும், கரையோரக் கிணறுகளும், குடியானவர்களின் நிலங்களும் அனுபவித்தன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதைக் குறிப்பிட்டது. தீங்கு நேருமுன்னரே காக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியே என்றும் அத்தீர்ப்பு கூறியது.

எனவே எப்புதுமை வந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: வேண்டாமென்றால் திரும்ப முடியுமா? நட்டம் நேர்ந்தால் அது யார் தலையில் விழும்?

பொறுத்தவர் பெற்ற இலாபம்

இக்கேள்விகளைக் கைபேசியிடமும் கேட்போம். இந்தியாவில் முதல் கைபேசி உரையாடல் 1995 ஜூலை 31-இல் நடந்தது. அக்காலத்தில் நிமிடத்திற்குச் சுமார் 8 ரூபாய் முதல் 16 ரூபாய் வரை கட்டணம். நம்மை ஒருவர் அழைத்தாலும் நாமே பணம் கொடுக்க வேண்டும். 2003-இல் வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் நீங்கிற்று. பொறுத்திருந்தவர் இழந்தது சிறிது, மிச்சப்படுத்தியது பெரிது. அதே 1990-களில் வந்த பேஜர் என்னும் கருவி, பலர் வாங்கி முடிக்குமுன்னரே வழக்கொழிந்தது. அதனை வாங்காதவர் எதையும் இழக்கவில்லை.

ஆனால் இன்றைய நிலை வேறு. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. பணப்பரிமாற்றம் இப்போது கத்தரிக்காய்க் கூடை வரையில் வந்துவிட்டது. இதனை ஏற்காத அங்கத்தினர் என்ன செய்கிறார்? வங்கிச் செய்தி வந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கைபேசியைக் கொடுக்கிறார்; வந்த ஓ.டி.பி. எண்ணை அறிமுகமில்லாதவரிடமும் உரக்கச் சொல்கிறார். தாம் மறுத்த கருவியையே பிறர் கையால் இயக்குகிறார். மறுப்பு அவருக்குப் பாதுகாப்பைத் தரவில்லை. கண்ணை மட்டுமே கட்டிவிட்டது.

சிறு பாத்தியில் பரீட்சை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவிய வரலாற்றை ரையன், கிராஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1943-இல் வெளியிட்டனர். அவர்கள் விசாரித்த 259 விவசாயிகளுள் இருவர் நீங்கலாக ஏனையோர் 1941-க்குள் அவ்விதையை ஏற்றிருந்தனர். எனினும் எடுத்த எடுப்பில் நிலம் முழுவதும் விதைக்கவில்லை. முதலில் சிறு பகுதியில் விதைத்துப் பார்த்தனர். பின்னால் வந்தோர் அண்டை வயலைக் கண்டு துணிந்தனர். நமது குடியானவருக்கும் இது புதிய வழக்கமன்று.

கைபேசிப் பணத்திற்கும் அவ்வாறே ஒரு சிறு பாத்தி வேண்டும். சேமிப்பு முழுவதும் உள்ள கணக்கை இணைக்காமல், தனியே ஒரு கணக்கில் சில நூறு ரூபாய் மட்டும் வைத்துப் பழகுக. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. “பணம் அனுப்புகிறேன், எண்ணை அழுத்துங்கள்” என்று எவர் சொன்னாலும் அது மோசடியே. ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் கூறலாகாது. பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல், அக்கணமே 1930 என்னும் எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்க. தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை மீட்கும் வாய்ப்பு குறையும். தாமதம் கூடாத இடம் இது ஒன்றே. தொடுதிரைக் கைபேசியைக் கடனுக்கு வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பட்டன் கைபேசியிலேயே யு.பி.ஐ. பயன்படுத்தும் வசதி 2022 மார்ச்சில் அறிமுகமாயிற்று.

சங்கத்தின் கடமை

தனி ஒருவர் பரீட்சை செய்து நட்டப்பட்டால் அச்சுமை முழுவதும் அவருடையது. பலர் கூடிச் செய்தால் ஒருவர் கற்ற பாடம் அனைவர்க்கும் பயன்படும். கூட்டுறவின் தத்துவமே இதுதான். ஆகவே மாதம் ஒருநாள், கற்ற இளைஞர்கள் முதியோருடன் சங்கத்தில் அமர்ந்து, நகையாமல் பொறுமையுடன் சொல்லித்தர ஏற்பாடு செய்யுமாறு நிர்வாகக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறோம். முதியோரும் தயங்காமல் வந்து, இருமுறை அல்ல, இருபது முறையேனும் கேட்டுத் தெளிக. நூலைச் சோதித்த பின்னரே பாவு ஓட்டும் நமக்கு, நிதானம் என்பது பிறர் கற்பிக்க வேண்டியதன்று. சோதித்து முடிந்தபின் தறியில் ஏறி அமர்வதும் நமது தொழிலே.