மனச்சோர்வு மாத்திரையும் பகல் தூக்கமும்

நம் சங்க மலரில் கல்வெட்டு, காப்பியம் என்றே எழுதி வந்த நான் இந்த ஆண்டு மாத்திரையைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் உண்டு. மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் சாப்பிடுவதைச் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். சொல்லாததால் அதில் வரும் தொல்லையையும் யாரிடமும் கேட்பதில்லை. தொல்லைகளில் முக்கியமானது பகல் தூக்கம். "மனுஷன் எந்நேரமும் தூங்கி வழியறார், இந்த மாத்திரையே வேண்டாம்" என்று வீட்டார் நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தினால் நோய் திரும்பும். இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் வைத்தியன் அல்ல. மும்பையில் நாற்பது வருஷமாகப் பாத்திர வியாபாரம் செய்பவன். இங்கே எழுதுவது நான் படித்ததும் பட்டதும். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. அவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பது நம் வேலை.

தூக்கம் ஐந்து வகை

உமாசுவாமி எழுதிய தத்துவார்த்த சூத்திரத்தின் எட்டாம் அத்தியாயத்தில், காட்சியை மறைக்கும் வினைகளைச் சொல்லும் இடத்தில் தூக்கம் ஐந்தாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நித்திரை, நித்திரா நித்திரை, பிரசலை, பிரசலா பிரசலை, ஸ்தியானகிருத்தி. முதலாவது எளிதில் கலையும் தூக்கம். இரண்டாவது எழுப்பினாலும் எழ முடியாதது. மூன்றாவது உட்கார்ந்த இடத்திலேயே வருவது. நான்காவது அதுவே மேலும் மேலும் வருவது. ஐந்தாவது தூக்கத்திலேயே எழுந்து காரியம் செய்வது.

மருந்தால் வரும் தூக்கத்தைப் பார்க்கும்போது இந்தப் பிரிவு நன்றாகவே பொருந்துகிறது. கல்லாவில் உட்கார்ந்தபடி தலை சாய்வது பிரசலை. காலையில் எட்டு மணிக்கு உலுக்கினாலும் கண் திறக்காதது நித்திரா நித்திரை. ஐந்தாவதும் கதையல்ல. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை சாப்பிட்ட சிலர் தூக்கத்திலேயே நடந்திருக்கிறார்கள், வண்டியும் ஓட்டியிருக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019இல் அந்த மாத்திரைக்குக் கடுமையான எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. ஆகவே டாக்டரிடம் "தூக்கம் வருது" என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல், எந்த வகைத் தூக்கம், எந்த நேரத்தில் என்று சொல்லுங்கள்.

ஏன் தூக்கம் வருகிறது?

நம் மூளையில் ஹிஸ்டமின் என்ற பொருள் விழிப்பைக் காக்கும் காவல்காரன். சளி மாத்திரை போட்டால் தூக்கம் வருவது அது இந்தக் காவல்காரனை மடக்கிவிடுவதால்தான். மனச்சோர்வு மருந்துகளில் பழைய வகையின் மூத்த பிள்ளை இமிப்ரமின். சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன் 1957இல் அதன் பலனை வெளியிட்டார். அந்த மருந்தின் பூர்வீகமே ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகளைத் தேடிய ஆராய்ச்சி. அதே குடும்பத்து அமிட்ரிப்டிலினும் டாக்ஸெபினும் தூக்கம் தருவதில் வியப்பில்லை. பிறகு வந்த மிர்ட்டாஸபினும் டிராஸோடோனும் நன்றாகத் தூங்க வைப்பவை. மிர்ட்டாஸபின் குறைந்த அளவில்தான் அதிகம் தூக்கம் தரும் என்பது பொதுவாகக் காணப்படுவது.

புளூவாக்ஸெடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் வகை மாத்திரைகளில் தூக்கம் குறைவு. பாராக்ஸெடினில் கொஞ்சம் கூடுதல். புப்ரோபியான் பெரும்பாலும் விழிப்பையே தரும். ஒரே நோய்க்கு இத்தனை வகை இருப்பதால், ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்ற வழி உண்டு. ஆரம்பத்தில் வரும் தூக்கம் பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தானே தணியும். ஆனால் மனச்சோர்வு குறைய இரண்டிலிருந்து ஆறு வாரம்கூட ஆகும். தொல்லை முதலில் வரும், பலன் பின்னால் வரும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிப் பேர் நடுவில் நிறுத்த மாட்டார்கள்.

துணைக்கு வரும் மருந்துகள்

வயதானவர்களுக்குத் தொந்தரவு பெரும்பாலும் ஒரு மாத்திரையால் வருவதில்லை, கூட்டணியால் வருகிறது. பார்க்க வேண்டியவை இவை:

கால் எரிச்சல் மாத்திரை. சர்க்கரை நோயாளிகளுக்குத் தரும் பிரிகாபாலின், காபாபென்டின் இரண்டும் தூக்கம் தருபவை; சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு உடம்பிலேயே தங்கும். பிரிகாபாலினோடு நார்ட்ரிப்டிலின் கலந்த மாத்திரையும் கடையில் உண்டு. நார்ட்ரிப்டிலின் ஒரு மனச்சோர்வு மருந்து. ஆக, ஒரு டாக்டர் தந்த மனச்சோர்வு மாத்திரையோடு இன்னொன்றும் கால் எரிச்சல் பெயரில் உள்ளே போகிறது.

கூட்டு மாத்திரை. எஸ்சிட்டலோபிராமோடு குளோனாஸெபாம் சேர்ந்து ஒரே வில்லையாக வருகிறது. குளோனாஸெபாம் உடம்பில் பாதியாகக் குறையவே 30, 40 மணி நேரம் ஆகும். நேற்றைய பாக்கி தீருமுன் இன்றைய சரக்கு வந்து இறங்குகிறது. ஒரு வாரத்தில் இருப்பு ஏறிவிடும்.

சளி, அலர்ஜி, இருமல் மருந்து. குளோர்பெனிரமின் இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். செட்டிரிஸினும் சிலரைத் தூங்க வைக்கும். பெக்ஸோபெனடின் அவ்வளவு தூங்க வைக்காது.

வலி மாத்திரை. டிராமடால் தூக்கமும் தரும், சில மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்தும் தரும்.

இதய மாத்திரை. புளூவாக்ஸெடினும் பாராக்ஸெடினும் மெட்டோபிரோலாலைக் கல்லீரல் கரைக்கும் வேகத்தைக் குறைத்துவிடும். அளவு மாறாமலே மெட்டோபிரோலால் ரத்தத்தில் கூடி, நாடி குறைந்து, அசதி வரும். பார்ப்பவர்களுக்கு அது தூக்கமாகத் தெரியும்.

நீர் மாத்திரை. ரத்தக் கொதிப்புக்கான தயாசைடு வகை நீர் மாத்திரையோடு செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை சேரும்போது, முக்கியமாக வயதானவர்களுக்கு, ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். சாதாரண அளவு 135 முதல் 145. இறங்கினால் தூக்கக் கலக்கம், தலைவலி, பேச்சுக் குழப்பம், தடுமாற்றம் வரும். மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்களில் இப்படி ஆனால் "வயசாச்சு" என்று விடாதீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனை உயிரைக் காக்கும்.

எல்லாப் பழியையும் மருந்தின் மேலும் போடக்கூடாது. தைராய்டு குறைவு, ரத்த சோகை, பி12 குறைவு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் நோய், ஏன், மனச்சோர்வேகூட, பகல் தூக்கம் தரும். சைவ உணவுக்காரர்களுக்கும் பல வருஷம் மெட்பார்மின் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறைவது சகஜம். மாத்திரைக்கு முன்பே தூக்கம் இருந்ததா, பின்பு வந்ததா என்பது முதல் கேள்வி.

மயக்கம் என்ற சொல்லால் வரும் வம்பு

வெளி மாநிலத்துத் தமிழருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம் ஊரில் தலை சுற்றினாலும் மயக்கம், கண் சொக்கினாலும் மயக்கம், நினைவு தப்பினாலும் மயக்கம். கூடவே அசதி, கிறக்கம், அலுப்பு, களைப்பு. இங்குள்ள டாக்டர் "சக்கர் ஆதா ஹை க்யா?" என்று கேட்டால் பாட்டி தலையை ஆட்டுவார். சக்கர் என்றால் தலைசுற்றல். அதற்கு சின்னரிஸின் எழுதித் தரலாம். அதுவும் ஹிஸ்டமினைத் தடுப்பது, தூக்கம் தருவது. நாள்பட்டால் வயதானவர்களுக்கு மனச்சோர்வையும் கை நடுக்கத்தையும் தரக்கூடியது. தூக்கத்துக்கு வைத்தியம் கேட்கப் போய் இன்னொரு தூக்க மருந்தோடு வருவோம்.

ஆகவே பிரித்துச் சொல்லப் பழகுங்கள். ஹிந்தியில் தூக்கம் நீந்த், தலைசுற்றல் சக்கர், பலவீனம் கம்ஜோரி, களைப்பு தகான், நினைவு தப்புதல் பேஹோஷி. மராத்தியில் தூக்கம் ஜோப். பேரனோ பேத்தியோ உடன் போனால், பாட்டி சொன்னதைச் சுருக்காமல் அப்படியே மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

மருந்துச் சிட்டை

வியாபாரிக்குத் தெரிந்த வைத்தியம் சிட்டை எழுதுவது. என் மனைவி காலமான பிறகு மனச்சோர்வுக்கு எனக்கு எஸ்சிட்டலோபிராம், குளோனாஸெபாம் சேர்ந்த மாத்திரை தந்தார்கள். கால் எரிச்சலுக்கு வேறொரு டாக்டரின் மாத்திரை, கடைத் தூசிக்கு செட்டிரிஸின். மத்தியானம் வாடிக்கையாளர் விலை கேட்கும்போதே கண் மூடும். "துக்கம் அதிகமாகிவிட்டது" என்றான் பெரியவன். "மாத்திரையை நிறுத்துங்கப்பா" என்றான் சின்னவன். நான் பத்து நாள் சிட்டை எழுதினேன். எந்த மாத்திரை, உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, எப்போது தூக்கம். அதை மனநல டாக்டரிடம் நீட்டியதும் அவர் ஐந்தே நிமிஷத்தில் கண்டுகொண்டார். எஸ்சிட்டலோபிராம் மட்டும் காலையில். குளோனாஸெபாம் பல வாரங்களில் படிப்படியாகக் குறைந்தது. சர்க்கரை டாக்டரோடு பேசி நார்ட்ரிப்டிலின் இல்லாத கால் மாத்திரை, இரவில். தூசிக்கு பெக்ஸோபெனடின். ஒரு மாதத்தில் கண் தெளிந்தது. மனச்சோர்வு மருந்து நிற்கவில்லை. அதனால் மனமும் சரியவில்லை.

மாத்திரையின் விளம்பரப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையே எழுதுங்கள். ஊரிலிருந்து வாங்கி வந்ததையும், நாட்டு மருந்தையும், கடையில் கேட்டு வாங்கியதையும் சேருங்கள்.

தூக்கத்தை அளக்கவும் ஒரு தராசு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மர்ரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல். படிக்கும்போது, டி.வி. பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா உட்காரும்போது, ஒரு மணி நேரம் வண்டியில் போகும்போது, மத்தியானம் படுக்கும்போது, பேசிக்கொண்டிருக்கும்போது, சாப்பாட்டுக்குப் பின் உட்காரும்போது, நெரிசலில் வண்டி நிற்கும்போது என எட்டு நிலைகள். கண்ணயரும் வாய்ப்புக்கு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

தூக்கம் தரும் மாத்திரையை இரவுக்கு மாற்றலாமா? ஏற்கெனவே இரவு என்றால், பதினோரு மணிக்குப் பதில் எட்டு மணிக்குப் போடலாமா? அளவைக் குறைக்கலாமா? வேறு வகைக்கு மாறலாமா? இரண்டு டாக்டர்களின் மருந்தில் ஒன்று வேண்டாத இரட்டிப்பா?

விரதக்காரர்கள் அதையும் சொல்ல வேண்டும். எங்கள் சமணர் வீடுகளில் சூரியன் மறைந்தபின் உண்பதில்லை; சிலர் தண்ணீரும் தொடுவதில்லை. அப்படியானால் இரவு மாத்திரை மாலை ஆறு மணிக்கே உள்ளே போகும், அந்தக் கணக்கில்தான் நேரம் வகுக்க வேண்டும். ஏகாதசியோ ரமலான் நோன்போ இருப்பவர்களுக்கும் இதுவே. சர்க்கரை மாத்திரையோடு பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி வரும் சோர்வையும் தூக்கம் என்று நினைத்துவிடக்கூடும்.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. காலை வெயிலில் அரை மணி நடை. மத்தியானத் தூக்கம் இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். காபியின் வீரியம் பாதியாகவே ஐந்து மணி நேரம் ஆகும், ஆகவே மத்தியானத்தோடு டம்ளரைக் கவிழ்த்துவிடுங்கள். புளூவாக்ஸமின் சாப்பிடுபவர்களுக்குக் காபி இன்னும் நீண்ட நேரம் தங்கும். மது கூடவே கூடாது. தூக்கம் தெளியும்வரை ஸ்கூட்டர் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். வயதானவர்கள் இரவில் பாத்ரூம் போக எழும்போது ஒரு நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்து எழட்டும். வழியில் சின்ன விளக்கு எரியட்டும். விழுந்து இடுப்பெலும்பு முறிவது மாத்திரையைவிடப் பெரிய கேடு.

திடீரென்று நிறுத்துவது மட்டும் வேண்டாம். பாராக்ஸெடின், வென்லாபாக்ஸின் போன்றவற்றைச் சட்டென விட்டால் தலைசுற்றல், படபடப்பு, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரும். குளோனாஸெபாமை அப்படி விட்டால் வலிப்பே வரலாம்.

எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது, பேச்சு குழறுகிறது, அல்லது காய்ச்சலோடு உடல் விறைத்து நடுங்கி வியர்க்கிறது என்றால் சிட்டையை எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னாலும் அதே அவசரம்தான். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. இந்தியாவின் எந்த ஊரிலிருந்தும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

நம்மவர்கள் பகல் தூக்கத்தைச் சோம்பல் என்பார்கள். வள்ளுவர் மடியின்மைக்கு ஒரு தனி அதிகாரமே வைத்தார். ஆனால் மடி வேறு, மருந்தின் கிறக்கம் வேறு. முதலாவதைக் கண்டிக்கலாம். இரண்டாவதற்கு வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆளும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இன்று இரவே அவருடைய மாத்திரை டப்பாவைக் கேட்டு வாங்கி, அட்டைகளைத் திருப்பிப் பார்த்து எழுத ஆரம்பியுங்கள்.